பம்புசெட் கடைக்கு ஆஸ்டரிஸ்க்: இரண்டு லேண்ட்லைன், ஆறு ஃபோன்

கோயம்புத்தூரில் என் மாமா நடத்தும் பம்புசெட் உதிரிபாகக் கடைக்கு இரண்டு லேண்ட்லைன் எண்கள். பில் புத்தகம், பெயர்ப்பலகை, பம்பு மேல் ஒட்டும் ஸ்டிக்கர் என எல்லாவற்றிலும் ஏறிவிட்ட எண்கள் அவை. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கத்து மெக்கானிக்குகள் சீல், இம்பெல்லர், பேரிங் கேட்டு இந்த எண்களுக்குத்தான் கூப்பிடுவார்கள். லைன்களைப் பிரித்துக்கொடுத்துக்கொண்டிருந்த பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி, 308 என்று கடைக்காரர்கள் சொல்லும் மூன்று லைன் எட்டு எக்ஸ்டென்ஷன் (உள் ஃபோன்) வகை, ஒரு மழைநாள் மின்னலில் போய்விட்டது. அதேபோல் இன்னொன்று வாங்கி மாட்டியிருந்தால் வேலை அரை நாளில் முடிந்திருக்கும். அதற்குப் பதில், சாதாரணக் கணினியையே அந்தப் பெட்டியின் வேலையைச் செய்யவைக்கும் மென்பொருளான ஆஸ்டரிஸ்க் போடலாம் என்று நான் மாமாவிடம் கேட்டதற்குக் காரணம் ஒன்றுதான்: கூப்பிட்டும் கிடைக்காமல் போனவர் யார் என்று அந்தப் பெட்டி ஒருநாளும் சொன்னதில்லை. கிணற்றுமேட்டில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு நிற்கும் மெக்கானிக் மூன்றாவது தடவையும் காத்திருக்க மாட்டார். அடுத்த கடைக்குக் கூப்பிட்டுவிடுவார். அந்த வியாபாரம் போன தடமே இருக்காது.

ஆஸ்டரிஸ்க் பிறந்ததும் இப்படியொரு சின்ன நிறுவனத்தின் தேவையிலிருந்துதான். அமெரிக்காவின் அலபாமாவில் லினக்ஸ் உதவி நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய மார்க் ஸ்பென்சர், பிபிஎக்ஸ் (நம் இபிஏபிஎக்ஸ் மாதிரிப் பெட்டி) வாங்கக் கையில் பணம் போதாமல் 1999-ல் தானே எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்தது. ஃப்ரீபிபிஎக்ஸ் அதன் மேல் உட்காரும் வெப் முகப்பு. கோப்புகளைக் கையால் எழுதாமல் திரையில் நிரப்பி வேலையை முடிக்கலாம். கடைப் பையன்களில் ஒருவராவது பின்னால் இதைக் கையாள வேண்டும் என்பதால் ஃப்ரீபிபிஎக்ஸையே எடுத்துக்கொண்டேன்.

கணினியைத் தொடுவதற்கு முன் கடையில் உட்கார்ந்து, வரும் அழைப்பு ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். இதைச் செய்யாமல் யாரும் பிபிஎக்ஸ் அமைக்க வேண்டாம் என்பேன். நோட்டைப் பார்த்ததும் ஒன்று தெளிவானது: இந்தக் கடைக்கு மெனு வேண்டாம். "உதிரிபாகங்களுக்கு 1, சர்வீஸுக்கு 2" என்ற அறிவிப்பை ஃப்ரீபிபிஎக்ஸில் சில நிமிடத்தில் செய்துவிடலாம். அதனாலேயே எல்லோரும் செய்துவிடுகிறார்கள். இங்கே கூப்பிடுகிறவர் கையெல்லாம் கிரீஸோடு, ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசுகிறவர். அவருக்கு எண் அமுக்கக் கை இல்லை. மணி அடிக்க வேண்டும், மனுஷக் குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மெனுவை எடுத்துவிட்ட பிறகு மீதி வடிவம் தானாக வந்தது: ஆர்டர் மேஜையில் இரண்டு ஃபோன், கணக்கு மேஜையில் ஒன்று, மாமா மேஜையில் ஒன்று, பின்னால் சர்வீஸ் பட்டறையில் ஒன்று, சிங்காநல்லூர்ப் பக்கம் இருக்கும் குடோனில் ஒன்று.

சர்வருக்குப் பழைய சிறு கணினி ஒன்று போதும். 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள செகண்ட்ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கினோம். ராஸ்பெரி பையில் ஆஸ்டரிஸ்க் நன்றாகவே ஓடும், ஆனால் ஃப்ரீபிபிஎக்ஸ் 17-இன் அதிகாரபூர்வ நிறுவல் நிரல் 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் டெபியன் 12 என்ற லினக்ஸை எதிர்பார்க்கிறது. ஓயாமல் பதிவு எழுதும் வேலைக்கு மெமரி கார்டை நம்பவும் எனக்கு மனமில்லை. செலவில் பாதிக்கு மேல், நெட்வொர்க் ஒயரில் ஓடும் ஐபி ஃபோன்களுக்கும் பிஓஇ சுவிட்சுக்கும்தான் போனது. சுவிட்சை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நெட்வொர்க் ஒயரிலேயே ஃபோனுக்கு மின்சாரம் போய்விட்டால், கரண்ட் போகும்போது சர்வர், சுவிட்ச், லேண்ட்லைனைச் சேர்க்கும் கேட்வே, மோடம் நான்கையும் ஒரு சிறு யுபிஎஸ்ஸில் போட்டாலே எல்லா மேஜையிலும் ஃபோன் உயிரோடு இருக்கும். கடை இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. மாறும் அந்தக் கணத்தில் சர்வர் மறுபடி முதலிலிருந்து எழும், பேச்சு அறுந்துவிடும்.

நிறுவலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டெபியன் 12-ஐ டெஸ்க்டாப் திரை எதுவும் இல்லாமல் போட்டு, ஃப்ரீபிபிஎக்ஸின் நிரலை இறக்கி ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆஸ்டரிஸ்க் 22 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, 2024 அக்டோபரில் வந்தது, அதையே தேர்ந்தெடுத்தேன். பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபோனும் சர்வரும் அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பேசிக்கொள்ளும் மொழி சிப். அந்தக் குறிப்புகளில் பாதி, அதற்கான சான்-சிப் என்ற பழைய டிரைவரைப் பற்றியவை. ஆஸ்டரிஸ்க் 21-லேயே அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் பிஜேசிப் என்ற புதிய டிரைவர்தான். குரலை எண்களாக மாற்றும் முறைகளான கோடெக்குகளில் ஏ-லாவை மட்டும் வைத்து மற்றவற்றை அணைத்தேன். இந்தியத் தொலைபேசி வலை பயன்படுத்துவது அதுதான் என்பதால் நடுவில் குரலை மாற்றி எழுதும் வேலையே இல்லை.

எக்ஸ்டென்ஷன் எண்கள் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆங்கிலப் பாடங்கள் எல்லாம் 100, 101 என்று ஆரம்பிக்கின்றன. நம் ஊரில் 100 போலீஸ், 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், 112 பொது அவசர எண். பட்டறையில் யாருக்காவது கை மாட்டிக்கொண்டு ஒரு பையன் ஓடிப்போய் 108 அடித்தால், கணக்கு மேஜையில் மணி அடிக்கக் கூடாது. 1-ல் தொடங்கும் எதையும் உள் எண்ணாக வைக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். சரி, 201? கோயம்புத்தூர் லேண்ட்லைன்கள் ஏழு இலக்கம், நாங்கள் கூப்பிடும் பெரும்பாலானவை 2-லோ 4-லோ தொடங்குபவை. 201 அடித்ததும் ஃபோன், "இன்னும் நான்கு இலக்கம் வருமோ" என்று சில நொடி காத்து நிற்கும். 6 முதல் 9 வரை செல்பேசி எண்களுக்குப் போய்விட்டது. 0 வெளியூர். மிஞ்சியதில் 5-ஐ எடுத்துக்கொண்டு 501 முதல் 506 வரை வைத்தேன். மூன்றாவது இலக்கத்தை அடித்த நொடியே எதிர் மேஜையில் மணி.

வெளியே போகும் அழைப்புக்கான விதிகளில் முதல் வரிசை அவசர எண்களுக்கு. எந்த ஃபோனிலிருந்தும், எந்தத் தடையும் இல்லாமல் போக வேண்டும். அடுத்து செல்பேசி. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்பேசிக்குக் கூப்பிட முன்னால் 0 சேர்த்தே ஆக வேண்டும். ஆர்டர் மேஜையில் உட்காருகிறவர் அதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. 6 முதல் 9 வரை ஏதோ ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம் வந்தால் 0-வை ஆஸ்டரிஸ்க் சேர்த்துக்கொள்ளும். 91 முன்னால் ஒட்டி வந்தால் வெட்டிவிட்டுச் சேர்க்கும். பிறகு ஏழு இலக்க உள்ளூர், 0-வோடு வெளியூர், 1800 இலவச எண்கள். 00-வில் தொடங்கும் வெளிநாட்டு எண்களுக்கு விதியே எழுதவில்லை. கடைக்கு அது தேவையில்லை. விதி இல்லாத எண்ணுக்கு யார் உள்ளே புகுந்தாலும் அழைப்பு போகாது.

இந்த வேலையில் என் நேரத்தை அதிகம் வாங்கியது லேண்ட்லைனை சர்வரோடு சேர்க்கும் கேட்வே. எஃப்எக்ஸ்ஓ என்று சொல்லும் நான்கு துளைகள் கொண்ட பெட்டி. டெலிபோன் ஒயர் ஒரு பக்கம், நெட்வொர்க் ஒயர் மறு பக்கம். பழைய பெட்டியை மின்னல் கொண்டுபோனதால், செம்பு லைன் வரும் வழியில் சர்ஜ் தடுப்பு ஒன்றை வைத்து, அதற்குத் தனி எர்த் இழுத்த பிறகே கேட்வேயை மாட்டினேன்.

மாட்டியதும் மணி அடித்தது, பேச்சும் தெளிவாகக் கேட்டது. சோதனையில் ஒரு விஷயம் மட்டும் இடித்தது. செல்பேசியிலிருந்து கடைக்குக் கூப்பிட்டு, வரிசையில் காத்திருக்கும்போதே துண்டித்துவிட்டால், கடை ஃபோன்கள் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தன. எடுத்துப் பார்த்தால் எங்கேஜ்ட் சத்தம். யாரும் எடுக்காவிட்டால் அந்த லைன் அப்படியே பிடிபட்டுக் கிடக்கும். அடுத்துக் கூப்பிடும் மெக்கானிக், "காலைல இருந்து எங்கேஜ்டாவே இருக்குதுங்க" என்பார்.

காரணம் எளிது. ஐபி ஃபோன்களுக்குள், ஒருவர் வைத்துவிட்டால் "முடிந்தது" என்று ஒரு செய்தி போகும். செம்புக் கம்பியில் அப்படிச் செய்தி கிடையாது. எக்ஸ்சேஞ்ச் மின்முனையைப் புரட்டியோ, ஒரு கணம் மின்னோட்டத்தை வெட்டியோ காட்டினால் கேட்வே புரிந்துகொள்ளும். இரண்டும் வராத லைனில் மிஞ்சுவது எங்கேஜ்ட் டோன் மட்டுமே. அதைக் கேட்டதும் மனிதர் ரிசீவரை வைத்துவிடுவார். இயந்திரத்துக்கோ எந்தச் சத்தத்துக்கு வைக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்தியாவுக்கான டோன்கள் ஆஸ்டரிஸ்கோடு வரும் கோப்பிலேயே இருக்கின்றன: எங்கேஜ்ட் டோன் 400 ஹெர்ட்ஸ், 750 மில்லிசெகண்ட் ஒலி, 750 மில்லிசெகண்ட் மௌனம். அதை கேட்வேயின் பக்கத்தில் நிரப்பியதும் செம்பு லைன் ஒழுங்காக விட்டுக்கொடுத்தது. இரண்டாவது லைன் அசையவில்லை. அந்த எண் இப்போது ஃபைபருக்கு மாறி, மோடத்தின் பின்னால் உள்ள ஃபோன் துளை வழியாக வருகிறது. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து அளந்து பார்த்தேன். 450 ஹெர்ட்ஸ், 350 ஒலி, 350 மௌனம். இது சீனாவின் எங்கேஜ்ட் டோன். ஃபைபர் லைனில் டோனை உருவாக்குவது எக்ஸ்சேஞ்ச் இல்லை, மேஜை மேல் இருக்கும் மோடம். அது எந்த நாட்டு அமைப்பில் வந்ததோ அந்த நாட்டுச் சத்தம்தான் போடும். கேட்வேயில் துளைக்குத் துளை வேறு டோன் கொடுக்க வழி இருந்ததால் அதிலேயே தீர்ந்தது. ஆகவே இணையத்தில் கிடைக்கும் அளவுகளை அப்படியே ஒட்டாமல், உங்கள் லைனைப் பதிவு செய்து நீங்களே அளந்து பாருங்கள். ஒரு மாலைப்பொழுதின் வேலை, பிறகு மாதக்கணக்கில் நிம்மதி.

இன்னொரு எச்சரிக்கை. டோன் ஒருமுறை கேட்டதுமே வெட்டு என்று வைத்தால், பின்னணியில் ஓடும் லேத்தின் சத்தமோ மெல்லிய பெண் குரலோ அந்த அதிர்வெண்ணில் விழுந்து, பேச்சு நடுவில் அறுபடலாம். நான்கு சுற்று தொடர்ந்து வந்தால் மட்டும் வெட்டும்படி வைத்தேன். செம்பு லைனில் அது ஆறு நொடி. அந்த ஆறு நொடி போனால் போகட்டும்.

கூப்பிடுகிறவர் எண் தெரிவதிலும் இரண்டு லைனும் இரண்டு விதம். செம்பு லைனில், மின்முனை புரண்டு, முதல் மணிக்கு முன்பே எண் டிடிஎம்எஃப் ஒலிகளாக, அதாவது ஃபோனில் எண் அமுக்கும்போது கேட்கும் அதே ஒலிகளாக, வருகிறது. இந்திய லைன்களின் இந்தப் பழக்கத்துக்கென்றே ஆஸ்டரிஸ்கின் அனலாக் கார்டு அமைப்பில் இந்தியாவின் பெயர் ஒட்டிய ஒரு தேர்வு தனியாக உண்டு. யாரோ ஒருவர் நம் ஊர் லைனோடு மல்லாடி, கண்டதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். திறமூல மென்பொருளை நான் நேசிப்பது இந்த மாதிரி வரிகளுக்காகத்தான். மோடம் லைனிலோ எண் எஃப்எஸ்கே என்ற, இரண்டு அதிர்வெண்களை மாற்றி மாற்றி ஒலிக்கும் முறையில், முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே வந்தது. கேட்வே முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் எண் போய்விடும், இரண்டு மணி பொறுக்கச் சொல்ல வேண்டும்.

எண் சரியாக வரத் தொடங்கிய பிறகுதான் மாமாவிடம் நான் சொன்ன காரியத்துக்கு வந்தேன்: தவறிய அழைப்புப் பட்டியல். ஃப்ரீபிபிஎக்ஸில் எல்லா ஃபோனையும் ஒன்றாக அடிக்கவைக்க ரிங் குரூப், கியூ என்று இரண்டு வழி. ரிங் குரூப் எளிது. ஆனால் அழைப்புப் பதிவேட்டில் ஒரே அழைப்புக்கு ஆறு ஃபோனுக்கு ஆறு வரி விழும். அதோடு, காத்திருக்கச் சொல்லும் அறிவிப்பு ஒன்று ஒலித்துவிட்டால், மனிதர் யாரும் பேசாவிட்டாலும் "எடுக்கப்பட்டது" என்றே பதிவாகிவிடக்கூடும். கியூ அப்படியில்லை. தனக்கென்று ஒரு பதிவேடு வைத்து, உள்ளே வந்த நேரம், எண், யார் எடுத்தார், எடுக்காமல் எத்தனை நொடி காத்துவிட்டு வைத்தார் என்று அழைப்புக்கு அழைப்பு எழுதுகிறது. நமக்கு வேண்டியது அந்தக் கடைசி வகைதான்.

பைத்தானில் சிறு நிரல் ஒன்று எழுதினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவேட்டைப் படிக்கும், காத்திருந்து வைத்துவிட்ட எண்களை எடுக்கும். எண்கள் 0-வோடும் 91-ஓடும் வெறுமனேயும் வருவதால் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் வைத்து ஒப்பிடும். அதே எண் மறுபடி கூப்பிட்டுப் பேசிவிட்டதா, அல்லது கடையிலிருந்து திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்களா என்று பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் கடையின் டெலிகிராம் குழுவில் எண்ணும் நேரமும் விழும். ஆர்டர் மேஜையில் இருக்கும் அக்கா அதைப் பார்த்துக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் அடுத்த சுற்றில் அந்த எண் பட்டியலிலிருந்து போய்விடும். யாரும் எதையும் டிக் அடிக்க வேண்டியதில்லை.

பட்டியல் வரத் தொடங்கியதும் மாமா கண்ணில் பட்டது நேரம்தான். ஷட்டர் திறப்பதற்கு முந்தைய அரை மணியிலும் மதியச் சாப்பாட்டு வேளையிலும் எண்கள் கொத்தாக நின்றன. வெயிலுக்கு முன் வேலையைத் தொடங்கும் மெக்கானிக்குகள் காலையிலேயே சாமான் சொல்லிவிடப் பார்க்கிறார்கள். இப்போது ஒரு பையன் முன்னதாக வந்து கடையைத் திறக்கிறான், சாப்பாட்டுக்கு இரண்டு பிரிவாகப் போகிறார்கள். இத்தனை வருட வியாபாரத்தில் இது தெரியாமலே இருந்துவிட்டதே என்று மாமா சொன்னபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

குரல் அறிவிப்பு என்று இந்த அமைப்பில் இருப்பது இரண்டே. எல்லா ஃபோனும் பேச்சில் இருக்கும்போது, "கொஞ்சம் இருங்க, இப்ப வந்துடுவாங்க" என்பது ஒன்று. கடை மூடிய பிறகு, "காலைல நாங்களே கூப்பிடறோம்" என்பது இன்னொன்று. ஆஸ்டரிஸ்கின் அதிகாரபூர்வ ஒலித் தொகுப்பில் தமிழ் இல்லை, அதனால் அக்காவே பேசினார். தன் ஃபோனிலேயே பேசிப் பதிவு செய்தார். எழுதிக்கொடுத்ததைப் படிக்காமல் அவர் பேசுகிற மாதிரியே பேசச் சொன்னேன், தெரிந்த குரல் கேட்டதும் ஆள் வைக்காமல் நிற்கிறார். வாய்ஸ்மெயிலை அணைத்துவிட்டேன். யாரும் அதில் பேசப்போவதில்லை. காத்திருப்பு இசைக்கு சினிமாப் பாட்டு கேட்டார்கள், உரிமை வாங்காமல் போடக் கூடாது என்று மறுத்துவிட்டேன். கூடவே வரும் இசையே ஓடுகிறது.

பாதுகாப்பில் நான் தளர்வதில்லை. சிப் பயன்படுத்தும் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால், கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் வர அதிக நேரம் ஆகாது. ஒரு எக்ஸ்டென்ஷன் மாட்டினால் இரவோடு இரவாக வெளிநாட்டு அழைப்பு ஓடி பில் கடை முதலாளி தலையில் விழும். 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸின் நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைத்திருந்த சர்வர்கள் தாக்கப்பட்டன. எங்கள் சர்வரில் நிர்வாகப் பக்கமும் சிப்பும் கடைக்குள் மட்டும். குடோன் ஃபோன், இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே போட்ட வயர்கார்ட் சுரங்கம் (இணையத்தின் வழியே பூட்டிய தனிப் பாதை) வழியாக வருகிறது. அதற்காகக் கடை பிராட்பேண்டில் நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கி, ஒரே ஒரு யுடிபி போர்ட்டைத் திறந்தோம். ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 87 கிலோபிட் அளவும், சுரங்கத்தின் சுமைக்கு அதன்மேல் கொஞ்சமும்தான் ஆகும் என்பதால் குடோனின் சாதாரண இணைப்பே போதுகிறது. "6203 பேரிங் எத்தனை இருக்கு" என்று கேட்க இனி யாரும் சொந்த செல்பேசியைத் தேட வேண்டாம், 506 அடித்தால் போதும்.

சிம் போடும் கேட்வே ஒன்றையும் சேர்த்துவிடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே வரும் அழைப்புகளை உள்ளூர் சிம்முக்குள் திருப்பிவிடுவது இந்தியாவில் குற்றம். கடைக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லையென்றாலும், சிம்களை சர்வரோடு கோக்கும் வேலையை உரிமம் பெற்ற நிறுவனத்திடம் கேட்காமல் தொடக் கூடாது என்பது என் நிலை. எங்களுக்கு இரண்டு லேண்ட்லைனே போதும்.

ஆர்டர் மேஜை அழைப்புகளை மட்டும், பதிவாகிறது என்று சொல்லிவிட்டு, பதிவு செய்கிறோம். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. 30 நாளில் தானாக அழிந்துவிடும். அமைப்பின் பேக்கப் இரவுதோறும் கணக்குக் கணினிக்குப் போகிறது. அதை வேறொரு பழைய கணினியில் போட்டு எழுப்பியும் பார்த்தாயிற்று.

சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்வே பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சிவப்பு டேப் சுற்றிய இரண்டு ஒயரையும் கேட்வேயிலிருந்து உருவி, கீழ்த் தட்டில் இருக்கும் இரண்டு பழைய ஃபோன்களில் செருக வேண்டும். கடையில் எல்லோரையும் ஒவ்வொருவராக அதைச் செய்து காட்டச் சொன்னேன். பட்டறைப் பையன்தான் எல்லோரையும்விட வேகமாகச் செய்தான்.